மின்மடலின் அடியில் நம் பெயர்

கடிதத்தின் உள்ளே இருக்கும் செய்தியைப் பிறர் எழுதலாம். அடியில் நிற்கும் பெயரை உரியவரே எழுத வேண்டும். சோழர் காலத்து ஆவணங்களில் கையெழுத்திட்டோர் 'இவை என் எழுத்து' என்று முடித்திருப்பதைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். தட்டச்சுப் பொறி வந்த பின்னரும் இந்த முறை மாறவில்லை. ஆனால் இன்று வங்கியிலும், காப்பீட்டு நிறுவனத்திலும், மருத்துவக் கருவி விற்கும் கம்பெனியிலும், கல்லூரியின் சேர்க்கைப் பிரிவிலும் பணிபுரிவோர் நாள்தோறும் அனுப்பும் மின்னஞ்சல்களின் அடியில் பெயர் இடுவது அவர்கள் கை அன்று, ஒரு மென்பொருள். அம்மென்பொருள் அந்தப் பெயரை, அவர்கள் பணியில் சேர்ந்த நாளன்று யாரோ ஒருவர் நிரப்பிய பதிவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பதிவில் பெயர் பிறழ்ந்திருந்தால், அனுப்பும் ஒவ்வொரு மடலிலும் அது பிறழ்ந்தே செல்லும்.

புனேயிலும் பெங்களூரிலும் குருகிராமிலும் அகமதாபாத்திலும் வாழும் நம்மவர் பலர் இத்தகைய அலுவலகங்களில் இருக்கின்றனர். மின்மடற் கையொப்பத்தை அமைப்பது பொதுவாக எளிய வேலைதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழருக்கு மட்டும் அதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சிக்கல் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்துகொண்டால் அமைக்கும் முறையும் தானே விளங்கும்.

வாடிக்கையாளரைப் பற்றிய விவரங்களையும், அவர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும், அவர்கள் வாங்கியதையும் கேட்டதையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கும் மென்பொருளைச் சி.ஆர்.எம். என்று அலுவலகங்களில் சுருக்கமாக அழைக்கின்றனர். வாடிக்கையாளர் தொடர்பு மேலாண்மை என்பது அதன் பொருள். அமெரிக்காவில் 1999-இல் தோன்றிய சேல்ஸ்போர்ஸ் இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது. சென்னையில் வளர்ந்து, 2009-இல் சோகோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் சி.ஆர்.எம். 2005 முதல் வழங்கி வருகிறது. பழைய அலுவலகங்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கோப்பு இருந்ததுபோல இங்கே ஒரு பதிவு இருக்கிறது. ஊழியருக்கும் அவ்வாறே ஒரு பதிவு உண்டு. அதில் அவருடைய பெயர், பதவி, தொலைபேசி எண் முதலியவை தனித்தனிக் கட்டங்களில் அடங்கியிருக்கும்.

மடல் அனுப்பும்போது மென்பொருள் செய்வது யாதெனின், ஒரு வார்ப்பை எடுத்து அதன் வெற்றிடங்களை இக்கட்டங்களிலிருந்து நிரப்புவதுதான். அச்சிட்ட திருமண அழைப்பிதழில் 'திரு' என்னும் சொல்லுக்குப் பின் இடம்விட்டு வைத்துப் பெயரைப் பின்னர்க் கையால் எழுதுகிறோம் அல்லவா? அதே முறைதான். இந்த வெற்றிடத்தை 'மெர்ஜ் ஃபீல்டு' என்பர். நாம் நிரப்பிடம் என்று கொள்வோம். மடலின் தலையில் வாடிக்கையாளர் பெயர் வரும் இடமும் நிரப்பிடம். அடியில் ஊழியர் பெயர் வரும் இடமும் நிரப்பிடம். ஆயிரம் ஊழியர் உள்ள நிறுவனம் ஒன்று எல்லாருடைய கையொப்பத்தையும் ஒரே வடிவில் வைத்திருப்பது இந்த உபாயத்தால்தான். ஒருவர் பதவி உயர்வு பெற்றால் பதிவில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். அன்று முதல் அவர் அனுப்பும் மடல்களில் புதிய பதவி தோன்றும்.

உபாயம் நல்லதுதான். ஆனால் பெயருக்கு அது வைத்திருக்கும் கட்டங்கள் இரண்டு: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம்; ஆனால் பொருள் வராது. முதற்பெயர் என்றால் பெற்றோர் இட்ட பெயர். கடைசிப் பெயர் என்றால் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். மேலைநாட்டாருக்கும், குல்கர்ணி, சாட்டர்ஜி, அகர்வால் போன்ற குடும்பப் பெயர் உடையோருக்கும் இந்தப் பகுப்பு இயல்பாகப் பொருந்துகிறது. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னே வைத்து, தம் பெயரைப் பின்னே வைப்பது நம் வழக்கம்.

மு. செல்வி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். முத்துசாமியின் மகள் செல்வி. இவர் புனேயில் ஒரு நிறுவனத்தில் சேர்கிறார் எனக் கொள்வோம். தலைப்பெழுத்தை விரித்துச் சொல்லுமாறு கேட்கிறார்கள், சொல்கிறார். முதற்பெயர் செல்வி, கடைசிப் பெயர் முத்துசாமி என்று பதிவாகிறது. மடலின் அடியில் 'செல்வி முத்துசாமி' என்று வருகிறது. அதைப் பெறும் வாடிக்கையாளர், மரியாதை கருதிக் கடைசிப் பெயரால் அழைப்பதே முறை என்று எண்ணி, 'முத்துசாமி ஜி' என்று மறுமொழி எழுதுகிறார். மடல் செல்விக்கு, விளி அவர் தந்தைக்கு. தந்தை அண்மையில் மறைந்தவராயின் அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாற்றுவழியாக, நம் வழக்கப்படியே தலைப்பெழுத்தை முதற்கட்டத்திலும் பெயரை இரண்டாம் கட்டத்திலும் எழுதினால் என்ன ஆகும்? எழுத்து முறையில் 'மு. செல்வி' என்று சரியாகவே தோன்றும். ஆனால் முதற்பெயரை மட்டும் எடுத்து வணக்கம் சொல்லும் வார்ப்புகள் எங்கும் இருக்கின்றன. அவை 'வணக்கம் எம்' என்று தொடங்கும். ஒற்றை எழுத்தைப் பெயராக ஏற்க மறுக்கும் படிவங்களும் உண்டு. பெயரை மட்டும் எழுதி மற்றொன்றை வெறுமையாக விடலாமே என்றால், கடைசிப் பெயரை நிரப்பாமல் மேலே செல்ல விடாத மென்பொருள்களே மிகுதி. சேல்ஸ்போர்ஸில் வாடிக்கையாளர் பதிவிலும் ஊழியர் பதிவிலும் கடைசிப் பெயர் கட்டாயம். முதற்பெயர் கட்டாயம் அன்று. சென்னையில் பிறந்த சோகோவின் சி.ஆர்.எம்.-மிலும் வாடிக்கையாளர் பதிவுக்கு இதே விதிதான். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் ஊரில் உருவான மென்பொருள் உலகச் சந்தைக்குப் போகும்போது அந்தச் சந்தையின் படிவத்தையே மேற்கொண்டிருக்கிறது. வணிகத்தில் இது வியப்பன்று. எனினும் சற்றே வருத்தம் தருகிறது.

நம் பெயர்முறை படிவத்துக்கு அடங்காத விந்தையோ என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி அன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரைப் பாருங்கள். ஊர், தந்தை, தம் பெயர் என்று மூன்றும் வரிசையாக நிற்கின்றன. தம் பெயர் கடைசியில் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்பதில் ஊரோடு தந்தையின் தொழிலும் சேர்ந்திருக்கிறது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பதோ ஊர், தொழில், பெயர் என்று இன்றைய மின்மடற் கையொப்பத்தின் மூன்று உறுப்புகளையும் கொண்டு நிற்கிறது! சாத்தனாரின் கையொப்பத்தில் தொலைபேசி எண் ஒன்றுதான் குறை. இம்முறையின் சுருக்கமே நம் தலைப்பெழுத்து. வேற்று நாட்டிலும் இதற்கு உறவு உண்டு. ஐஸ்லாந்து மக்களில் பெரும்பாலோர் குடும்பப் பெயர் இன்றித் தந்தை பெயரையோ தாய் பெயரையோ பின்னிணைப்பாகக் கொள்கின்றனர். ஒருவரை அழைப்பது எப்போதும் அவர் இட்டபெயரால்தான். அந்நாட்டுத் தொலைபேசி விவரத்திரட்டையும் இட்டபெயரின் அகரவரிசையில்தான் தொகுத்தனர்.

ஆகவே நாம் தெளிய வேண்டியது ஒன்று. பதிவுப் பெயர் வேறு, அழைக்கும் பெயர் வேறு. பதிவுப் பெயர் சம்பளத்துக்கும் வருமானவரிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் உரியது. அது மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து, தனிநபர்களைப் பொறுத்தவரை, அவர்களது கடைசிப் பெயரின் முதலெழுத்தாகும். முத்துசாமியைக் கடைசிப் பெயராகக் கொடுத்துப் பான் பெற்ற செல்வியின் எண்ணில் அந்த இடத்தில் 'எம்' நிற்கும். கையொப்பம் நன்றாக வரவேண்டும் என்பதற்காகச் சம்பளப் பதிவில் பெயரை மாற்றச் சொல்வது புற்றில் கைவிடுவது போன்றது. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். மாற்ற வேண்டியது அழைக்கும் பெயர் வழங்கும் இடங்களை மட்டுமே.

அவ்விடங்கள் இரண்டு. ஒன்று, மடலின் அடியிலுள்ள கையொப்பம். மற்றொன்று, மடலைத் திறக்குமுன்பே பெறுபவர் கண்ணில் படும் அனுப்புநர் பெயர். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அடியில் 'மு. செல்வி' என்று அழகாக அமைத்துவிட்டு, தலையில் 'முத்துசாமி, செல்வி' என்று திருப்பிப் போட்ட பெயர் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் வேறுபட்டால் பெறுபவர் குழம்புவதோடு நில்லாமல், ஏமாற்று மடலோ என்று ஐயுறவும் கூடும். மோசடி மடல்கள் மலிந்த இக்காலத்தில் அந்த ஐயம் நியாயமானதே.

சேல்ஸ்போர்ஸில் ஊழியர் தம் சொந்த அமைப்புகளைத் திறந்து 'மை இமெயில் செட்டிங்ஸ்' என்னும் பக்கத்துக்குச் சென்றால், அனுப்புநர் பெயர், அனுப்புநர் முகவரி, கையொப்பம் ஆகியவற்றுக்கான பெட்டிகளை ஒரே பக்கத்தில் காணலாம். சோகோவில் 'பெர்சனல் செட்டிங்ஸ்' என்னும் பகுதியில் கையொப்பத்துக்குத் தனி இடம் உண்டு. மற்ற மென்பொருள்களிலும் ஏறத்தாழ இப்படித்தான். பதிப்புக்குப் பதிப்பு தலைப்புச் சொற்கள் மாறலாம். கையொப்பப் பெட்டியில் நிரப்பிடத்தைச் செருகும் வசதி இருந்தாலும், பெயருக்கு அதைப் பயன்படுத்த வேண்டா. நீங்கள் எவ்வாறு அறியப்பட விரும்புகிறீர்களோ அவ்வாறே பெயரை எழுத்தாகத் தட்டச்சிடுக. பதவிக்கும் தொலைபேசிக்கும் நிரப்பிடம் பொருந்தும், ஏனெனில் அவை மாறுபவை. பெயர் மாறுவதன்று.

நிறுவனமே வார்ப்பைப் பூட்டிவைத்து, ஊழியர் கைவைக்க இடமில்லாமல் செய்திருந்தால் மென்பொருள் நிர்வாகியை அணுகவேண்டும். 'என் பெயரைச் சரிசெய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால், ஆதார் நகல் கொண்டுவா, பான் நகல் கொண்டுவா என்று பேச்சு நீளும். 'காட்சிப் பெயர் என்று புதிய கட்டம் ஒன்றை ஊழியர் பதிவில் சேர்த்து, கையொப்ப வார்ப்பு அதிலிருந்து பெயரை எடுக்கும்படி செய்யுங்கள்' என்று கேட்க வேண்டும். இது பெரும்பாலான மென்பொருள்களில் இயல்வதே. சம்பளப் பதிவைத் தொடுவதில்லை. ஆந்திரர், கேரளர், ஒற்றைப் பெயர் கொண்ட வடகிழக்கு மாநிலத்தார் ஆகியோருக்கும் உடன் பயன்படும். பலருக்குப் பயன்படும் என்று எடுத்துச் சொன்னால் வேண்டுகோளின் எடை கூடும்.

பெயரை எவ்வடிவில் எழுதலாம் என்பது அவரவர் விருப்பம். வடக்கே நெடுநாள் வாழ்ந்தோர் பலர் 'செல்வி எம்.' என்று தலைப்பெழுத்தைப் பின்னே வைத்துக்கொள்கின்றனர். முதலில் நிற்பதையே அழைக்கும் பெயராகக் கொள்ளும் சூழலில் இது வேலையை முடித்துவிடுகிறது. முன்னே வைப்பதே முறை என்போர் பெயருக்கு அடுத்த வரியில் 'செல்வி என அழைக்கலாம்' என்னும் குறிப்பை ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்க்கலாம். ஒரு சிறு வரி பல மாதக் குழப்பத்தைத் தவிர்க்கும். நம் மதிப்பீட்டில் இவ்விரண்டில் பின்னதே மேல்.

தமிழ் எழுத்திலும் பெயரைச் சேர்க்க விரும்புவோர் உளர். தமிழ்நாட்டு அரசு 2021-இல் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அறிவுறுத்தி ஆணை பிறப்பித்தபின் இவ்விருப்பம் பரவியிருக்கிறது. அவ்வாணை வெளிமாநில நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது; ஆயினும் ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயர் ஒரு வரி நிற்பதற்குத் தடை ஏதும் இல்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பெயரை ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒருங்குறியில் தட்டச்சிட்டால் இன்றைய கைப்பேசியிலும் கணினியிலும் ஒழுங்காக விளங்கும்.

இந்தியில் பெயர் எழுத நேர்கையில் ழகரம் தொல்லை தரும். மொழிபெயர்ப்புத் துறையில் இருக்கும் நாம் தமிழ்ச்செல்வி 'தமில்செல்வி' ஆவதையும், ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஜ' ஒலியோடு எழுதப்படுவதையும் அடிக்கடி காண்கிறோம். தேவநாகரியில் ளகர எழுத்தின் கீழே ஒரு புள்ளியிட்டு ழகரத்தைக் குறிக்கும் முறை உண்டு. ஒருங்குறியிலும் அதற்குத் தனியிடம் இருக்கிறது. படிப்பவர் சரியாக ஒலிப்பார் என்று உறுதி கூற இயலாது. ஆனால் எழுத்திலாவது பெயர் சிதையாது.

கையொப்பத்தின் நீளம் பற்றி இணையத்தின் தொடக்கக்கால அன்பர்கள் வைத்திருந்த கட்டுப்பாடு நமக்குப் பிடித்தமானது. நான்கு வரிக்கு மேற்படக் கூடாது என்பர். செய்தியையும் கையொப்பத்தையும் பிரிக்க இரண்டு சிறுகோடும் ஓர் இடைவெளியும் கொண்ட தனி வரி இடுவர்; 2004-இல் வெளியான மின்னஞ்சல் நெறிமுறை ஆவணம் ஒன்று அவ்வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. இன்றோ நிறுவனச் சின்னம், விருதுச் சின்னம், ஐந்து சமூக ஊடகப் பொம்மைகள், பண்டிகை வாழ்த்து, பொன்மொழி என்று செய்தியைவிடக் கையொப்பம் நீண்டு கிடக்கிறது. பல அஞ்சல் செயலிகள் படங்களைப் பெறுபவர் அனுமதிக்கும்வரை மறைத்தே வைக்கும். பெயரையும் எண்ணையும் படமாக்கி வைத்தவர் அவ்வேளையில் பெயரற்றவர் ஆவார். பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவிகளாலும் படத்திலுள்ள எழுத்தை எளிதில் படிக்க இயலாது.

படத்தில் ஒரு வகையை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது. தாளில் இட்ட சொந்தக் கையெழுத்தை ஒளிப்படம் எடுத்து மின்மடலின் அடியில் வைப்பதை ஒரு நாகரிகமாகச் சிலர் செய்கின்றனர். காசோலையில் இடும் அதே கையெழுத்தை முகமறியாத ஆயிரம் பேருக்கு நாமே படியெடுத்து அனுப்புவதற்கு இது சமம். அதனால் சட்டப் பயன் ஏதும் விளைவதாக எண்ணவும் வேண்டா. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறும் மின்னணுக் கையொப்பம் வேறு. அது சான்றிதழும் மறையாக்கமும் கொண்டு, ஒப்பமிட்டபின் ஆவணம் மாற்றப்பட்டதா என்பதைக் காட்டிக்கொடுப்பது. நாம் பேசிக்கொண்டிருப்பதோ பெயரும் முகவரியும் தாங்கிய ஓர் அடிக்குறிப்பு. ஆனால் கம்பெனிகள் தம் வணிகக் கடிதங்களில் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்தெண்கள் கொண்ட கம்பெனி அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றையும், இணையத்தளம் இருப்பின் அதையும் அச்சிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விதிக்கிறது. ஆகவே நிறுவனம் இவ்விவரங்களைக் கையொப்பத்தின் கீழே சிறிய எழுத்தில் சேர்த்திருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டா.

அஞ்சற் பெட்டியில் ஏற்கெனவே கையொப்பம் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். ஜிமெயிலிலோ அவுட்லுக்கிலோ அமைத்த கையொப்பம், சி.ஆர்.எம். வழியாகச் செல்லும் மடலில் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்கலாகாது. பெரும்பாலும் இரண்டிலும் தனித்தனியே அமைக்க வேண்டியிருக்கும். நிரப்பிடங்கள் மடல் அனுப்பும் கணத்தில் நிரப்பப்படுவன, அனுப்பியபின் மாறுவதில்லை. இன்று பதிவைத் திருத்தினால் நாளைய மடல்கள் திருந்தும். வாடிக்கையாளரிடம் முன்னரே போய்ச் சேர்ந்தவை அப்படியேதான் இருக்கும். எனவே புதிய வேலையில் சேர்வோர் முதல் மடலை அனுப்புவதற்கு முன்பே இதைக் கவனிப்பது நன்று.

எல்லாம் அமைத்தபின் தம் சொந்த முகவரிக்கும், வேறு நிறுவனத்தில் இருக்கும் நண்பர் ஒருவருக்கும் சோதனை மடல் அனுப்பிப் பார்க்க வேண்டும். மென்பொருள் காட்டும் முன்னோட்டத்தை மட்டும் நம்பலாகாது. கணினியில் ஒருமுறையும், கைப்பேசியில் ஒருமுறையும், கைப்பேசியின் இருள் திரையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். வெண்பின்னணிக்கென வரைந்த கருஞ்சின்னம் இருள் திரையில் காணாமற் போவதுண்டு. நண்பரிடம் மறுமொழி எழுதச் சொல்ல வேண்டும். அவர் எழுதும் விளியில் எந்தப் பெயர் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அவர் நம்மை முன்பே அறிந்தவராயின் அந்தச் சோதனை பயன்படாது. நம் பெயரைக் கேள்விப்பட்டிராத, குடும்பப் பெயர் வழங்கும் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவரைத் தேர்ந்துகொள்வதே தக்கது.